பேர் தெரிஞ்சு என்ன சார் ஆகப்போகுது?

போன ஞாயிற்றுக்கிழமை காலை லேக் மார்க்கெட்டில் வாழை இலையும் காப்பிப் பொடியும் வாங்கிக்கொண்டு நிற்கும்போது நம்மூர் நண்பர் ஒருவர் மாட்டினார். பதினெட்டு வருஷமாய் கொல்கத்தாவில் குப்பை கொட்டுகிறவர். பையனுக்கு நாலு நாளாய்க் காய்ச்சலாம். டெஸ்ட் எடுத்தீர்களா என்று கேட்டேன்.

"வைரல் ஃபீவர்தான் சார். எந்த வைரஸா இருந்தா என்ன? எல்லாத்துக்கும் அதே பாராசிட்டமால்தானே. பேர் தெரிஞ்சு என்ன சார் ஆகப்போகுது?"

பக்கத்தில் முருங்கைக்காயை வளைத்து வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொருவரும் தமிழர்தான் போலிருக்கிறது. சட்டென்று உள்ளே நுழைந்தார். "இந்த வைரஸ் விஞ்ஞானிங்க பொழப்பே அதானே சார். ஒரு பேரை வைப்பாங்க, டிவியில வந்து பயமுறுத்துவாங்க, அப்புறம் ஊசி விப்பாங்க."

நான் சண்டைக்காரன் இல்லை. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வந்த பிறகுதான் கோபம் வந்தது (எனக்கு எப்போதும் அப்படித்தான், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் பதில் தோன்றும்). அந்தப் பதில்தான் இந்தப் பதிவு.

முருங்கைக்காய்க்காரரை முதலில் முடித்துவிடுகிறேன். வைரஸ் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்களில் பல பேர் திட்ட ஒப்பந்த ஊழியர்கள். திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. நம் செக்டர் ஃபைவ் கம்பெனிகளில் புதிதாய்ச் சேரும் பையனின் சம்பளத்தைக் கேட்டால் அவர்களில் பாதிப் பேர் மயங்கி விழுவார்கள். ஊசி விற்றுக் கொழிப்பவர்கள் யாராவது இருக்கலாம். பேலியாகாட்டாவில் ஐஸ் பெட்டியிலிருந்து ரத்தக் குழாயை எடுத்து நம்பர் ஒட்டிக்கொண்டிருக்கும் பெண் அந்த ஆள் இல்லை. கொரோனா எங்கிருந்து வந்தது என்பது விசாரிக்க வேண்டிய கேள்விதான். விசாரிக்கட்டும். அதைச் சாக்காக வைத்து ஒரு தொழிலையே திருட்டுத் தொழில் என்பது சோம்பேறித்தனம்.

நண்பர் கேட்டதுதான் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. டெங்குவுக்கும் நிப்பாவுக்கும் சிக்குன்குனியாவுக்கும் நேரடி மருந்து கையில் இல்லாதபோது, பெயர் தெரிந்து என்ன பயன்?

இங்கே வங்காளத்தில் ஒரு சொல் உண்டு. 'அஜானா ஜ்வர்', தெரியாத காய்ச்சல். நம் ஊர்ப் பேப்பர்காரர்கள் அதையே 'மர்மக் காய்ச்சல்' என்று போடுவார்கள். 2012-ல் திருநெல்வேலிப் பக்கம் டெங்கு தலைவிரித்து ஆடியபோது எங்கள் அக்கா போனில் தினமும் அதைத்தான் சொல்வாள். "தெருவுல நாலு வீட்டுல மர்மக் காய்ச்சல்டா." டெங்கு என்று சொல்லமாட்டாள். மர்மம் என்றால் ஏதோ மலையாள மாந்திரீகம் மாதிரி ஒரு கெத்து இருக்கிறது. டெங்கு என்றால் வீட்டு மாடித் தொட்டியை எட்டிப் பார்க்க வேண்டிவரும்.

2017-ல் இங்கே மேற்கு வங்கத்தில் அதுதான் பெரிய அரசியல் சண்டை. டெங்குவில் இறந்தவர்களுக்கும் 'தெரியாத காய்ச்சல்' என்று எழுதிக் கொடுக்கிறார்கள் என்று குற்றச்சாட்டு கிளம்பியது. பாராசாத் மாவட்ட மருத்துவமனை டாக்டர் ஒருவர், வார்டில் காய்ச்சல்காரர்கள் குவிந்து கிடக்கிற நிலைமையை ஃபேஸ்புக்கில் எழுதினார். நவம்பரில் அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். பாருங்கள், டெஸ்ட் இருக்கிறது, கருவி இருக்கிறது, செய்வதற்கு ஆள் இருக்கிறார். பெயர் மட்டும் வேண்டாமாம்.

இத்தனைக்கும் இந்த ஊர் டெங்குவைக் கண்டு விழிக்கிற ஊர் இல்லை. 1944-ல் கல்கத்தாவில் முகாம் போட்டிருந்த அமெரிக்கச் சிப்பாய்களின் ரத்தத்திலிருந்து டெங்கு வைரஸைப் பிரித்தெடுத்தவர் ஆல்பர்ட் சாபின். பிற்பாடு போலியோ சொட்டு மருந்து கண்டுபிடித்தாரே, அதே சாபின்தான். இந்தியாவில் டெங்கு வைரஸைக் கையில் பிடித்தது அதுதான் முதல் தடவை என்கிறார்கள். 1963-ல் இதே ஊரில் ரத்தக்கசிவோடு ஒரு பெரிய காய்ச்சல் பரவியது. ஆராய்ந்து பார்த்தால் ஒன்றில்லை, இரண்டு வைரஸ்கள் ஒரே சமயத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. ஒன்று டெங்கு. இன்னொன்று சிக்குன்குனியா, அதுவரை இந்தியாவில் யாரும் பிரித்தெடுக்காதது. அடுத்த வருஷமே, 1964-ல், அது சென்னையிலும் பாண்டிச்சேரியிலும் வேலூரிலும் பரவியது. (மெட்ராஸ் மெயிலில் டிக்கெட் எடுத்து வந்ததா என்று கேட்காதீர்கள். நமக்கெல்லாம் கிடைக்காத கன்ஃபர்ம் டிக்கெட் அதற்கு மட்டும் எப்படிக் கிடைத்திருக்கும்.)

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதற்குப் பிறகு நடந்தது. எழுபதுகளுக்குப் பிறகு சிக்குன்குனியா நம் நாட்டில் கண்ணில் படவே இல்லை. முப்பது வருஷம் கழித்து 2005, 2006-ல் திரும்பி வந்தது. நம் ஊரில் பாட்டிகள் எல்லாம் மூட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாய் நடந்தது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். பழைய ஆள்தான் திரும்பி வந்திருக்கிறானா, இல்லை புது ஆளா? அதைச் சொல்ல முடிந்தது எதனால்? 1963-ல் இங்கே எடுத்த வைரஸை புனே தேசிய வைராலஜி நிறுவனத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் உறைநிலையில் பத்திரமாக வைத்திருந்ததால். ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 63-ல் வந்தது ஆசிய வகை, இப்போது வந்திருப்பது ஆப்பிரிக்காவில் கிளைத்த வகை. எத்தனை பவர்கட், எத்தனை டைரக்டர் மாற்றம், எத்தனை பட்ஜெட் வெட்டு நடந்திருக்கும் நடுவில்! எவனோ ஒரு டெக்னீஷியன் ஒழுங்காய் ஃப்ரீஸரை மூடியிருக்கிறான். நம் அபார்ட்மெண்டில் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற ஒருத்தரை ஒரு வருஷம் தொடர்ந்து வேலை வாங்க முடியவில்லை.

சரி, இது சரித்திரம். உயிர் போகிற விஷயத்துக்கு வருகிறேன்.

2001 ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, சிலிகுரி. டார்ஜிலிங் போகும்போது நாம் எல்லோரும் இறங்கி ஜீப் பிடிப்போமே, அந்த ஊர். காய்ச்சல், தலைவலி, நினைவு தப்புதல், சிலருக்கு மூச்சுத் திணறல், சாவு. 66 பேருக்கு நோய் என்று கணக்கு. நான்கில் மூன்று பேர் பிழைக்கவில்லை. அந்த 66 பேரில் பெரும்பாலோருக்கு அது மருத்துவமனைகளில்தான் தொற்றியிருக்கிறது. நோயாளியைப் பார்த்துக்கொண்ட சொந்தக்காரர்கள், மருத்துவமனை ஊழியர்கள், அங்கே வேறு நோய்க்குப் படுத்திருந்தவர்கள். யோசித்துப் பாருங்கள். அண்ணன் படுத்திருக்கிறான், தம்பி பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் துடைத்துவிடுகிறான். துடைக்காதே, கையுறை போடு என்று யாருமே அவனுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய டாக்டருக்கே தெரியாது.

அந்தச் சமயத்தில் செய்த பரிசோதனைகளில் கிருமி எது என்று பிடிபடவில்லை. சேமித்து வைத்திருந்த மாதிரிகளைப் பிறகு எடுத்து, இந்திய ஆய்வாளர்களும் அட்லாண்டா சி.டி.சி. ஆய்வாளர்களும் சேர்ந்து சோதித்தார்கள். 18 நோயாளிகளின் மாதிரிகளில் 9 பேரிடம் நிப்பாவுக்கான எதிர்ப்பொருள் இருந்தது. 5 பேரின் சிறுநீரில் நிப்பாவின் மரபணுத் தடயமே இருந்தது. கட்டுரை அச்சில் வந்தது 2006-ல். ஐந்து வருஷம்! அந்தத் தம்பி எதில் செத்தான் என்று அவன் அம்மாவுக்கு யாராவது போய்ச் சொல்லியிருப்பார்களா என்று எனக்கு சந்தேகம்.

தவறான பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியா. 1998 கடைசியில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்கள் மூளைக் காய்ச்சலில் விழ ஆரம்பித்தார்கள். ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று முடிவு கட்டினார்கள். அது கொசுவால் வருவது. ஆகவே கொசு மருந்து அடித்தார்கள், அதற்கான தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் என்கிற ஆய்வாளர் நோயாளியின் மூளைத் தண்டுவட நீரிலிருந்து ஒரு புது வைரஸை வளர்த்தெடுத்து, அதை அமெரிக்காவுக்குக் கையோடு எடுத்துப் போய்ப் பார்த்தார். கொசு இல்லை, பன்றியிடமிருந்து நேராக மனிதனுக்கு வருகிறது என்று அதன் பிறகுதான் தெளிவானது. பத்து லட்சம் பன்றிகளை அழித்தார்கள், பரவல் அடங்கியது. அதற்குள் நூற்றுக்கு மேல் பேர் போய்விட்டார்கள். சுங்கை நிப்பா என்கிற கிராமத்தின் பெயரைத்தான் வைரஸுக்கு வைத்தார்கள். பெயரைத் தவிர வேறு மருந்து எதுவும் அப்போது கிடைத்துவிடவில்லை என்பதை நண்பர் கவனிக்க வேண்டும்.

2018 மே மாதம் கோழிக்கோடு. அங்கேயும் முதல் நோயாளி யாருக்கும் தெரியாமலே போய்விட்டார். அவர் இருந்த மருத்துவமனைகளில் பலருக்கு அதற்குள் தொற்றிவிட்டது, அவரைக் கவனித்த செவிலியர் லினி உட்பட. ஆனால் அதே குடும்பத்தில் அடுத்த ஆள் வந்து படுத்தவுடனே டாக்டர்களுக்குப் பொறி தட்டியது. மணிப்பால் வைரஸ் ஆய்வு மையத்துக்கு மாதிரி போனது, நிப்பா என்று வந்தது, புனே உறுதி செய்தது. அன்றிலிருந்து யார் யாரைத் தொட்டார்கள் என்று தேடிப் பிடித்துத் தனியே வைத்தார்கள். உறுதியான 18 பேரில் 16 பேர் இறந்தார்கள், அது கொடுமைதான். ஆனால் பெயர் தெரிந்த பிறகு புதிதாய்த் தொற்றியவர்கள் ரொம்பக் குறைவு.

இங்கே நமக்குப் பக்கத்திலேயே நதியா மாவட்டத்தில் 2007-ல் ஐந்து பேருக்கு வந்து ஐந்து பேருமே இறந்தார்கள். அவர்களில் ஒருவர் நோயாளிக்கு ரத்தம் எடுத்தவர். இந்த 2026 ஜனவரியில் பாராசாத் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு செவிலியர்களுக்கு நிப்பா வந்ததே, அப்போது நம் வாட்ஸப் குழுக்கள் எல்லாம் ஊரைக் காலி செய்கிற லெவலில் இருந்தன. தாய்லாந்து விமான நிலையத்தில் வங்காளத்துப் பயணிகளைத் தனியாய் நிறுத்திப் பார்த்தார்கள். முதலில் மோப்பம் பிடித்தது எங்கே தெரியுமா? கல்யாணி எய்ம்ஸ் வைரஸ் ஆய்வுக்கூடத்தில். கொல்கத்தாவிலிருந்து லோக்கல் ட்ரெயினில் போகிற தூரம். பிறகு புனே உறுதி செய்தது. தொடர்பில் இருந்த 196 பேரைத் தேடிப் பிடித்துச் சோதித்ததில் ஒருவருக்கும் இல்லை. 2001-ல் ஐந்து வருஷம் எடுத்த வேலை இந்தத் தடவை சில நாட்களில் முடிந்தது. நடுவில் 2013 வாக்கில் நாடு முழுக்க வைரஸ் ஆய்வுக்கூடங்களின் வலைப்பின்னல் அமைக்க அரசு பணம் ஒதுக்கியது. ஒரு பத்திரிகையிலும் முதல் பக்கத்தில் வராத செய்தி அது.

பெயர் கிடைத்தால் இன்னொன்றும் கிடைக்கும். என்ன செய்யக் கூடாது என்பது தெரியும். மலேசியாவில் பன்றி என்றால், பங்களாதேஷில் நோயாளிகளை விசாரித்துப் பார்த்ததில் பச்சைப் பேரீச்ச மரச் சாறு என்று வந்தது. 'கேஜூர் ரொஸ்' என்பார்கள் இங்கே. ராத்திரி மரத்தில் கட்டிய பானையில் பழந்தின்னி வௌவால் வந்து நக்கும், மூத்திரம் பெய்யும். விடியற்காலையில் அதை அப்படியே இறக்கிக் குடிப்பார்கள். எனக்கு முதல் வருஷம் ஒரு நண்பர் கிராமத்தில் கொடுத்தார். எங்கள் ஊர்ப் பதநீர் ஞாபகத்தில் கண் கலங்கிக் குடித்தேன். இப்போது குடிப்பதில்லை. மரத்தில் பானையைச் சுற்றி மூங்கில் பாவாடை கட்டினால் வௌவால் கிட்டே வராது என்று அங்கே பரிசோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒரு மூங்கில் தட்டி, சார். ஊசியும் இல்லை, காப்புரிமையும் இல்லை. இதில் யார் கொள்ளை அடித்தார்கள் என்று அந்த முருங்கைக்காய்க்காரரைத்தான் கேட்க வேண்டும்.

நம் சென்னைக் கதை ஒன்றும் உண்டு. 1986-ல் எய்ட்ஸ் என்றால் அது அமெரிக்காக்காரன் வியாதி, நம் பண்பாட்டுக்கு வராது என்று பெரிய மனிதர்கள் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளிகளிடம் ரத்த மாதிரி எடுத்து, சோதிக்க வசதி இருந்த வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார்கள். ஆறு பேருக்கு இருந்தது. நம் பண்பாட்டுக்கு வராத வியாதி நம் ஊரிலேயே இருந்தது. அந்தப் பெயரை அன்றைக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் ரத்த வங்கிகளில் இன்னும் எத்தனை காலம் சோதிக்காமல் ஏற்றிக்கொண்டிருப்போமோ.

வேலூர் என்றதும் சொல்ல வேண்டும். இங்கே டாக்ஸியில் ஏறி நான் தமிழன் என்று தெரிந்தால் அடுத்த கேள்வி "பேலோர்?" தான். வங்காளிகள் வாயில் அது பேலோர். அவர் மாமா போயிருப்பார், இல்லை பௌதி போயிருப்பாள். ரயில் ரயிலாய் வேலூருக்குப் போகிறார்கள். நாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறோம். ஆனால் அதே வேலூரில் நம் நாட்டின் முதல் மருத்துவ வைராலஜி ஆய்வுக்கூடத்தை உருவாக்கிய ஜேக்கப் ஜானின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஹார்ட் ஆபரேஷன் டாக்டர் பெயர் தெரியும்.

போலியோவைப் பற்றி இரண்டு வார்த்தை. 2009-ல் இந்தியாவில் 741 குழந்தைகளுக்குப் போலியோ. 2010-ல் 42. 2011-ல் ஒன்றே ஒன்று, ஜனவரி 13-ல். பாலத்தைத் தாண்டினால் ஹவுரா மாவட்டம், அங்கே பாஞ்ச்லா பக்கம் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. இந்தியாவில் இயற்கை வைரஸால் வந்த கடைசிப் போலியோ அதுதான். 'கடைசி' என்று எப்படிச் சொல்கிறார்கள்? எந்தக் குழந்தைக்குத் திடீரென்று கை கால் துவண்டாலும் இரண்டு தடவை மலம் எடுத்து, ஐஸில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, 'இதில் இல்லை', 'இதிலும் இல்லை' என்று ஆயிரக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். 2014 மார்ச்சில் சான்றிதழ் கிடைத்தது. அதற்கப்புறமும் வேலையை விடவில்லை. சாக்கடைத் தண்ணீரை மொண்டு மொண்டு பார்த்தார்கள். 2022-ல் மேட்டியாபுருஸ் சாக்கடையில் தடுப்பு மருந்திலிருந்து திரிந்த போலியோ வைரஸ் தென்பட்டது. ஒரு குழந்தைக்கும் கால் விளங்காமல் போவதற்கு முன்னால், சாக்கடையிலேயே பிடித்துவிட்டார்கள். அந்த வாரம் நம் குழுவில் வந்த கருத்து என்ன தெரியுமா? "போலியோ போயிடுச்சுன்னு சொன்னாங்க, இப்ப திரும்ப கிளப்பி விடுறாங்க."

இதுவரை ஊரைத் திட்டிவிட்டேன். இனி என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

2017 பூஜை விடுமுறையில் என் மகளுக்கு ஏழு வயது. ஐந்து நாள் காய்ச்சல், பிளேட்லெட் இறங்கி மருத்துவமனையில் சேர்த்தோம். எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். டிஸ்சார்ஜ் தாளில் 'வைரல் ஃபீவர், பிளேட்லெட் குறைவு' என்று இருந்தது. டெங்குவா என்று நான் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் உண்டு. எங்கள் அபார்ட்மெண்ட் கமிட்டியில் அப்போது நானும் உறுப்பினர். கட்டடத்தில் டெங்கு என்று தெரிந்தால் கார்ப்பரேஷன்காரன் வந்து நிற்பான், ஃப்ளாட் விற்க இருக்கிற இரண்டு பேருக்கு விலை இறங்கும், வேலைக்கு வருகிற மாஷிகள் நின்றுவிடுவார்கள். "காய்ச்சல்தான், சரியாப் போச்சு" என்று எல்லோரிடமும் நானே சொன்னேன். மூன்றாம் மாடி மித்ரா தாதா வீட்டில் பத்து நாள் கழித்து அவருடைய மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. அவர்களும் "காய்ச்சல்தான்" என்றார்கள். மொட்டை மாடித் தொட்டியின் மூடி உடைந்திருந்ததை நவம்பரில்தான் பார்த்தோம். உள்ளே புழுக்கள் நீந்திக்கொண்டிருந்தன.

2023-ல் மகளுக்குத் திரும்பவும் காய்ச்சல். இந்தத் தடவை வேறு டாக்டர், நல்ல மனுஷி. முதல் நாளே என்.எஸ்.1 எடுத்தார், டெங்கு என்று வந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி: "இதற்கு முன்னால் டெங்கு வந்திருக்கிறதா?"

நானும் மனைவியும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். டெங்குவில் நான்கு வகை. ஒரு வகை வந்து போனவர்களுக்கு இரண்டாவது தடவை வேறு வகை வந்தால் விபரீதமாகிற வாய்ப்பு அதிகம். ஆகவே அந்தக் கேள்விக்கு பதில் தெரிவது முக்கியம். எங்களிடம் இருந்தது 'வைரல் ஃபீவர்' என்கிற தாள். ஐ.ஜி.ஜி. சோதனை எடுத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சீக்கிரம் ஏறியிருக்கிறது, அநேகமாக இரண்டாவது தடவைதான்" என்றார். காய்ச்சல் இறங்கிய நாளில் நாங்கள் நிம்மதியாய் வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தோம். அவர் விடவில்லை. டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் ஆபத்து, ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிற நேரம் என்று சொல்லி வைத்துக்கொண்டார். அன்று ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தையின் பல்ஸ் பிடிபடாமல் போனது. நர்ஸ் ஓடி வந்ததும் ட்ரிப்பை வேகமாக்கியதும் வராந்தாவில் என் மனைவி நின்ற நிலையும், இதற்கு மேல் எழுத வேண்டாம். பிழைத்தாள். வெறும் வைரல் ஃபீவர் என்று நினைத்து வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தால் இரண்டு மணிக்கு எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்போம்.

நண்பரே, பேர் தெரிந்து இதுதான் ஆனது.

விஞ்ஞானிகள் மேலும் எனக்குக் குறை உண்டு. கண்டுபிடித்ததை எல்லாம் ஆங்கிலத்தில் ஆங்கிலக்காரனுக்கு எழுதுகிறார்கள். அரசாங்கம் 'தெரியாத காய்ச்சல்' என்று எழுதும்போது, தெரியும் என்று எழுந்து சொல்கிறவர்கள் ரொம்பக் குறைவு. வேலை போய்விடும் என்கிற பயம் புரிகிறது. ஆனாலும் அந்த பாராசாத் டாக்டரைத் தனியே நிற்க விட்டிருக்கக் கூடாது.

அப்புறம் நம் வீடுகள். போன வருஷம் நம் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பெண் மைக்ரோபயாலஜி படித்துவிட்டு வைராலஜியில் மேலே படிக்கிறேன் என்றாள். கூடியிருந்த மாமாக்கள் எல்லாம் துக்கம் விசாரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்கள். "ஏம்மா, மார்க் வரலையா?" என்று ஒருத்தர் கேட்டார். நீட் எழுதவில்லையா என்று இன்னொருத்தர். அந்தப் பெண்ணின் அப்பா மட்டும், கோடம்பாக்கத்துக்காரர், "அவ இஷ்டம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அவள் இப்போது நாள் முழுக்க ஒரு ஆய்வுக்கூடத்தில் இரண்டு ஜோடி கையுறை போட்டுக்கொண்டு, மூக்கு அரித்தால் சொறிய முடியாமல் வேலை பார்க்கிறாள்.

ஞாயிறு சாயங்காலமே நண்பருக்குப் போன் செய்தேன். காய்ச்சல் வந்து ஐந்து நாளுக்குள் என்றால் என்.எஸ்.1, அதற்கப்புறம் என்றால் ஐ.ஜி.எம்., எதற்கும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள், புரூஃபனும் ஆஸ்பிரினும் மட்டும் கொடுத்துவிடாதீர்கள் என்றேன். "பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?" என்று கேட்டார். திங்கட்கிழமை எடுத்துவிட்டார். நெகட்டிவ். "பாத்தீங்களா சார், ஐநூறு ரூபா தண்டம்" என்கிறார்.

பி.கு: ஊரிலிருந்து 'நொலேன் குர்' வாங்கி வா, ஆனால் அதில் வௌவால் வியாதி இருக்குமாமே என்று கேட்ட அக்காவுக்கு: அது அடுப்பில் வைத்துக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சியது, நம் கருப்பட்டி மாதிரிதான். பயப்படாமல் சாப்பிடு. டிசம்பரில் கோரமண்டலில் வரும்போது இரண்டு கிலோ கொண்டுவருகிறேன். உன் வீட்டு மாடித் தொட்டிக்கு மூடி போட்டாயா?